கணக்குக் கேட்ட பெண்கள்

கேள்வி இது: பழைய ஏதென்ஸில் பெண்களுக்கு மக்கள் சபையில் இடமில்லை, வாக்கும் இல்லை. அப்படிப்பட்ட ஊரின் நகைச்சுவை நாடகங்களில் ஆண்களை எதிர்த்து நிற்கும் பெண்கள் எப்படி வந்தார்கள்? நாடகாசிரியர் அவர்களைப் போற்றினாரா, கேலி செய்தாரா?

வழக்கமான பதில் 'லிசிஸ்ட்ராட்டா'வில் தொடங்கும். ஸ்பார்ட்டாவோடு நடந்த போரை நிறுத்துவதற்காகக் கணவர்களுக்குப் படுக்கையை மறுத்த பெண்களின் கதை அது. நானும் அதற்கு வருவேன். ஆனால் அங்கிருந்து தொடங்கினால், கிரேக்க நகைநாடகத்துப் பெண்களின் பலமெல்லாம் உடலில்தான் இருந்தது என்ற எண்ணம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். என் வாசிப்பில் அவர்களுடைய பலம் கணக்கில் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வந்தது, மீதி எங்கே என்று கேட்கிறார்கள். எதிரில் நிற்கும் ஆணுக்கு வாயடைத்துப்போகிறது. ஆகவே ஒரு ரொட்டிக்காரியிடமிருந்து தொடங்குகிறேன்.

ஏதென்ஸின் நகைநாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸின் 'குளவிகள்' கி.மு. 422-இல் மேடையேறியது; 'லிசிஸ்ட்ராட்டா'வும் அவருடையதுதான். அதில் ஃபிலோகிளியோன் என்று ஒரு கிழவர் வருகிறார், நீதிமன்றப் பைத்தியம். நாள்தோறும் நடுவர் வரிசையில் போய் உட்கார்ந்து, யாரையாவது தண்டித்து, மூன்று ஓபோல் படி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுதான் அவருக்கு வாழ்க்கை. ஓபோல் என்பது சிறு வெள்ளிக்காசு; ஆறு ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா. மகன் அவரைத் திருத்தி நாகரிகமான விருந்து ஒன்றுக்கு அழைத்துப்போகிறான். கிழவர் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, விருந்தில் குழல் ஊத வந்த அடிமைப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு, கையில் தீவட்டியோடு தெருவில் ஆட்டம் போடுகிறார். வழியில் ஒரு பெண்ணின் ரொட்டியெல்லாம் தட்டிவிடப்பட்டு மண்ணில் விழுகிறது.

அவள் விடுவதாக இல்லை, பின்னாலேயே வந்துவிடுகிறாள். பத்து ஓபோல் மதிப்புள்ள ரொட்டி, அதற்கு மேல் நான்கு, என்று நஷ்டத்தைச் சொல்கிறாள். கிழவரின் மூன்று நாள் படியைக் கொட்டிக் கொடுத்தாலும் அடையாத கடன் அது. பிறகு, "அன்கிலியோனுக்கும் சோஸ்த்ராத்தேக்கும் பிறந்த மிர்ட்டியாவின் சரக்கை நாசம் செய்துவிட்டு நீ தப்ப முடியாது" என்கிறாள். ஏதென்ஸின் வழக்காடு மன்றங்களில் கௌரவமான வீட்டுப் பெண்களின் பெயரை வாயால் சொல்வதையே பேச்சாளர்கள் தவிர்த்தார்கள். இவளோ தன் பெயர், அப்பன் பெயர், ஆத்தாள் பெயர் மூன்றையும் தெருவில் நின்று அறிவிக்கிறாள். சாக்ரட்டீஸின் நண்பர் கைரிஃபோனைச் சாட்சியாகப் பக்கத்தில் நிறுத்தி, சந்தை அதிகாரிகளிடம் வழக்குக்கு வரும்படி அங்கேயே அழைப்பாணை விடுக்கிறாள்.

கிழவர் சமாதானம் பேசுவதுபோல ஒரு கதை சொல்கிறார். ஈசாப் ஒரு நாள் விருந்து முடிந்து வரும்போது குடித்த பெட்டைநாய் ஒன்று குரைத்ததாம். "அந்தப் பொல்லாத நாக்கை விற்றுக் கோதுமை வாங்கினால் உனக்கு நல்லது" என்றாராம் ஈசாப். அரங்கம் அந்த இடத்தில் கிழவரோடு சேர்ந்துதான் சிரித்திருக்கும். ஆனால் காட்சியின் கட்டமைப்பைப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் பிறர்மீது தீர்ப்புச் சொல்லியே வயிறு வளர்த்தவர், இப்போது பத்து ஓபோல் ரொட்டிக்காகப் பிரதிவாதியாகப் போகிறார். சிரிப்பின் உச்சம் அவர் சொன்ன நாய்க்கதையில் இருக்கிறதா, அவருடைய இந்த நிலைமையில் இருக்கிறதா? எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காட்சியில், மிர்ட்டியா வருவதற்குச் சற்று முன்புவரை, அந்தக் குழலூதும் பெண் கிழவரின் கைப்பிடியில் இருக்கிறாள். மகன் செத்த பிறகு உன்னை விலைகொடுத்து விடுவித்து வைத்துக்கொள்கிறேன் என்று அவர் அவளிடம் பிதற்றுகிறார். அவள் வாயில் ஒரு சொல்கூட இல்லை. ரொட்டி விற்பவளுக்குக் குரல் கொடுத்த நாடகாசிரியர், தானே விலைக்கு வாங்கப்பட்டவளுக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கோடு கடைசிவரை அழியாமல் இருக்கும்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, கி.மு. 405-இல் வந்த 'தவளைகள்' நாடகத்தில் இதே கணக்கு பாதாள உலகத்திலும் தொடர்கிறது. ஹெராக்ளீஸைப் போல் சிங்கத்தோல் போர்த்திக்கொண்டு டயோனைசஸ் கடவுள் மாண்டவர்களின் உலகத்துக்குப் போகிறார். அங்கே சத்திரம் நடத்தும் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்துவிடுகிறார்கள். உண்மையான ஹெராக்ளீஸ் முன்பு வந்தபோது தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் போனவன். "பிளாத்தனே, இங்கே வா, அந்தப் போக்கிரி வந்திருக்கிறான்!" என்று ஒருத்தி கூவ, இருவரும் மாறி மாறிப் பட்டியல் வாசிக்கிறார்கள்: பதினாறு ரொட்டி, அரை ஓபோல் வீதம் இருபது துண்டு வெந்த இறைச்சி, பூண்டு, உப்புக்கண்ட மீன், கூடையோடு சேர்த்து விழுங்கிய புதுப் பாலாடைக்கட்டி. காசு கேட்டபோது முறைத்தானாம், மாடுபோல் கத்தினானாம், வாளை உருவினானாம். இவர்கள் பயந்து பரணில் ஏறிக்கொண்டார்களாம். அவன் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டானாம்.

செத்துப்போன பிறகும் பாக்கியை மறக்காத பெண்கள்! ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பைக் கொன்ற மாவீரன் இவர்களுடைய பேரேட்டில் வெறும் கடன்காரன். வழக்குப் பேச இவர்கள் கூப்பிடுவதும் கிளியோனையும் ஹைபர்போலஸையும்; இருவரும் அதற்குள் இறந்துவிட்ட அரசியல்வாதிகள். அங்கேயும் ஏழைகளின் வக்கீல்கள் அவர்கள்தான் போலிருக்கிறது.

இதே நாடகத்தில் பிற்பாடு இரண்டு பெருங்கவிஞர்கள் சண்டையிடும்போது, ரொட்டிக்காரிகளைப் போல ஏசிக்கொள்ளாதீர்கள் என்று டயோனைசஸ் கண்டிக்கிறார். சந்தைப் பெண்களின் வாய் அந்த அளவுக்குப் பேர்போனது. சோக நாடகக் கவிஞர் யூரிப்பிடீஸின் தாய் கீரை விற்றவள் என்பது அரிஸ்டோஃபனீஸ் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொன்ன வசவு. சந்தையில் வேலை செய்வதைச் சொல்லிக் குடிமக்களில் ஆணையோ பெண்ணையோ இழிவுபடுத்தக் கூடாது என்று ஏதென்ஸில் சட்டமே இருந்தது. புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனீஸ் எழுதிக் கொடுத்த நீதிமன்ற உரை ஒன்றில், நாடா விற்ற தாயின் மகன் அந்தச் சட்டத்தைச் சொல்லித் தன் குடியுரிமைக்காக வாதாடுகிறான். அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதே சங்கதியைச் சொல்லிவிடுகிறது. இன்னொரு சட்டம்: பெண் தன் பொறுப்பில் செய்யும் ஒப்பந்தம் ஒரு மெடிம்னோஸ் வாற்கோதுமையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. மெடிம்னோஸ் என்பது ஏறத்தாழ 52 லிட்டர் கொள்ளும் அளவை. இந்த மெடிம்னோஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

மேடையில் இந்தப் பெண்களையெல்லாம் நடித்தவர்கள் ஆண்கள். முகமூடி போட்டு, உடம்பில் பஞ்சடைத்துக்கொண்டு வந்தார்கள். எழுதியவரும் ஆண், பரிசு தந்த நடுவர்களும் ஆண்கள். ஆகவே இவற்றைப் பெண்களின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்பவர்கள் ஏமாறுவார்கள். வீட்டில் கேட்ட ஏச்சை ஆண்கள் எப்படி நினைவு வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் நிறையக் கிடைக்கும்.

இனி கி.மு. 411. அந்த ஓர் ஆண்டில் அரிஸ்டோஃபனீஸ் பெண்களை மையமாக வைத்து இரண்டு நாடகங்கள் தந்தார். அப்போது ஊர் இருந்த நிலையைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைப் படிப்பது வீண். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பு முழு நாசத்தில் முடிந்திருந்தது. கப்பற்படை அழிந்தது, போனவர்களில் வெகு சிலரே திரும்பினார்கள். ஸ்பார்ட்டாவின் படை ஏதென்ஸுக்கு அருகே டெசீலியாவில் நிலையாகக் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. ஊரின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் ஆபத்துக் காலத்துக்கென்று கி.மு. 431-இல் ஒதுக்கிவைத்த ஆயிரம் தாலந்தை (ஒரு தாலந்து ஆறாயிரம் திராக்மா), முந்தைய ஆண்டுதான் எடுத்துச் செலவழிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூத்தவர்கள் பத்துப் பேரை ஆலோசகர்களாக நியமித்திருந்தார்கள். சுருக்கமாக, ஆண்கள் நடத்திய குடும்பம் திவாலாகிக்கொண்டிருந்தது.

இந்தப் பின்னணியில் லிசிஸ்ட்ராட்டாவின் திட்டத்தைப் பாருங்கள். அதில் இரண்டு பாதி உண்டு. படுக்கையை மறுப்பது ஒன்று, எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று, வயதான பெண்கள் பூசை செய்யப் போவதாகச் சொல்லி அக்ரோபோலிஸில் நுழைந்து கருவூலத்தைக் கைப்பற்றுவது. நாடகம் நடந்த டயோனைசஸ் அரங்கம் அந்தக் குன்றின் தெற்குச் சரிவில்தான் இருந்தது. பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே, உண்மையான கருவூலம்.

பத்து ஆலோசகர்களில் ஒருவர் காவலர்களோடு வருகிறார். கப்பலுக்குத் துடுப்பு வாங்கக் காசு எடுக்க வேண்டும், கதவு பூட்டியிருக்கிறது. பணத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார். நாங்களே நிர்வகிப்போம் என்கிறாள் லிசிஸ்ட்ராட்டா. நீங்களா? ஏன், வீட்டுப் பணத்தை உங்களுக்காக நிர்வகிப்பது நாங்கள்தானே? அதுவும் இதுவும் ஒன்றா? எப்படி ஒன்றில்லை? இது போருக்கான பணம். போரே வேண்டாம் என்கிறோமே!

மனிதருக்கு அடுத்த வரி கிடைக்கவில்லை. பிறகு லிசிஸ்ட்ராட்டா சொல்லும் பழைய கதை, நான் படித்த நாடக வசனங்களில் மிக நுணுக்கமான ஒன்று. சபையில் ஏதோ தவறாக முடிவெடுத்துவிட்டுக் கணவன் வீட்டுக்கு வருவான். உள்ளுக்குள் வேதனை, உதட்டில் சிரிப்போடு மனைவி கேட்பாள்: இன்றைக்கு அமைதி பற்றி என்ன முடிவானது? "உனக்கென்ன அதில்? வாயை மூடு." மூடிக்கொண்டேன் என்கிறாள். பக்கத்தில் நிற்கும் பெண் குறுக்கிடுகிறாள்: நானாக இருந்தால் மூடியிருக்க மாட்டேன். மூடாவிட்டால் அடி விழுந்திருக்கும் என்கிறார் ஆலோசகர். அதனால்தான் மூடிக்கொண்டேன் என்கிறாள் லிசிஸ்ட்ராட்டா. அடுத்த முறை அதைவிட மோசமான முடிவு. மறுபடி கேட்டால், நூற்கிற வேலையைப் பார், இல்லாவிட்டால் மண்டை வீங்கும், "போர் ஆண்களின் காரியம்" என்பான் கணவன்.

அந்தக் கடைசித் தொடர் ஹோமருடையது. 'இலியட்' காவியத்தில் ஹெக்டர் தன் மனைவியிடம் விடைபெறும்போது சொல்வது. ஏதென்ஸில் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் அறிந்த வரி. பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆலோசகரின் தலையில் முக்காட்டைப் போட்டு, கையில் கம்பளிக் கூடையைத் திணித்து, பயறு மென்றுகொண்டே கம்பளியைச் சிக்கெடு என்று உட்காரவைத்து, "போர் இனிப் பெண்களின் காரியம்" என்கிறார்கள். காவியத்தின் கம்பீரமான வரியை ஒரே ஒரு சொல்லை மாற்றித் திருப்பி அடிப்பது எவ்வளவு பெரிய கைவேலை!

அரசியலை எப்படித்தான் சரிசெய்வாய் என்ற கேள்விக்கும் கூடையிலிருந்தே பதில் வருகிறது. வெட்டிய கம்பளியை முதலில் தண்ணீரில் அலசி அழுக்குப் போக்க வேண்டும். முள்ளையும் ஒட்டுப்புல்லையும் அடித்து உதிர்க்க வேண்டும். பதவிக்காகத் திரண்டு கட்டியாகிக் கிடப்பவர்களைச் சிக்கெடுத்துப் பிய்க்க வேண்டும். பிறகு குடிவந்த அந்நியர், நண்பர், கடனாளி எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுக் கலந்து நூற்று, மக்களுக்கு ஒரு போர்வை நெய்ய வேண்டும். ஆலோசகர் கோபப்படுகிறார்: போரில் பங்கே இல்லாத நீங்கள் இதையெல்லாம் பேசுவதா? பங்கு இல்லையா, எங்களுக்கு அது இரட்டைச் சுமை. பிள்ளைகளைப் பெற்றுப் போருக்கு அனுப்பிவைக்கிறோமே என்று அவள் தொடங்க, அவர் இடைமறிக்கிறார். "வாயை மூடு, பழைய துயரத்தைக் கிளறாதே." சிசிலியில் மகனைப் பறிகொடுத்த தகப்பன்கள் அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கணம் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதிய பெண்களின் கோஷ்டி, அதாவது நாடகத்தில் கூட்டாகப் பாடியும் பேசியும் வரும் குழு, இதையே அப்பட்டமான வரவு செலவாகச் சொல்கிறது. பொது நிதிக்கு நாங்கள் எங்கள் பங்கைச் செலுத்துகிறோம், ஆண்மக்களைத் தருகிறோம். கிழவர்களே, நீங்கள் என்ன தருகிறீர்கள்? பாரசீகப் போரில் தாத்தாக்கள் சேர்த்ததைத் தின்று தீர்த்தீர்கள், வரியும் கட்டவில்லை.

லிசிஸ்ட்ராட்டா ஒருத்தியைத்தான் இந்த நாடகம் கேலி செய்யாமல் விடுகிறது. மற்றப் பெண்கள் நன்றாகவே மாட்டிக்கொள்கிறார்கள். சபதம் எடுக்கக் குடம் நிறைய மது. சபதத்தை மீறினால் இந்தக் கோப்பையில் தண்ணீர் நிரம்பட்டும் என்பதுதான் பெரிய சாபம். ஆண்களைப் பிரிந்திருக்க முடியாமல் ஒவ்வொருத்தியாக நழுவப் பார்க்கிறாள். வீட்டில் கம்பளியைப் பூச்சி அரிக்கிறது என்று ஒருத்தி. வயிற்றருகே உடைக்குள், ஊரின் காவல் தெய்வமான அத்தீனாவின் புனிதத் தலைக்கவசத்தை ஒளித்துக்கொண்டு பிரசவ வலி என்று இன்னொருத்தி. நேற்று இல்லாத கர்ப்பம் இன்று எப்படி வந்தது என்று கேட்டால் முழிக்கிறாள். குடி, காமம், சாக்கு என்ற பழைய கேலிகள் அத்தனையும் இங்கே இருக்கின்றன. தலைவி மட்டும் இவற்றுக்கு வெளியே நிற்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. அப்போது அத்தீனா கோவிலின் தலைமைப் பூசாரியாக இருந்த பெண்ணின் பெயர் லிசிமகே, 'போரைக் கலைப்பவள்'. லிசிஸ்ட்ராட்டா என்றால் 'படையைக் கலைப்பவள்'. அறுபத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தவளின் சாயலை இந்தப் பாத்திரத்துக்கு ஆசிரியர் கொடுத்திருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது.

முடிவில் சமாதானம் ஒரு ஆடையற்ற பெண்ணாக மேடைக்கு வருகிறாள். ஏதென்ஸ்காரனும் ஸ்பார்ட்டாக்காரனும் அவள் உடம்பில் வரைபடம் பார்த்து நாட்டைப் பங்கு போடுகிறார்கள். அவளும் ஒரு சொல் பேசுவதில்லை. இதைப் படித்த பிறகு அரிஸ்டோஃபனீஸைப் பெண்ணுரிமையாளர் என்று அழைக்க எனக்கு வாய் வராது.

இருபது ஆண்டுகள் கழித்து, கி.மு. 391 வாக்கில், அரிஸ்டோஃபனீஸின் 'சபைப் பெண்கள்'. பிராக்சகோராவும் தோழிகளும் ஒட்டுத்தாடி வைத்து, கணவர்களின் மேலங்கியையும் செருப்பையும் மாட்டிக்கொண்டு விடியுமுன் சபைக்குப் போய், ஆட்சியைப் பெண்களிடம் ஒப்படைக்கும் தீர்மானத்தை நிறைவேற்றிவிடுகிறார்கள். உடையைக் காணாத கணவன் பிளெபிரஸ் மனைவியின் மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு தெருவோரம் மலச்சிக்கலோடு குந்தியிருக்கிறான். பிராக்சகோராவின் வாதத்தை அவன் பிறர் வாயிலாகத்தான் கேட்கிறான். பெண்கள் ஒருவருக்கொருவர் துணி, நகை, வெள்ளி, கிண்ணம் எல்லாம் இரவல் கொடுக்கிறார்கள். சாட்சி இல்லை, தனியாகத்தான். எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. "நாமோ சாட்சி இருந்தாலும் ஏமாற்றுகிறோம்" என்று பிளெபிரஸே ஒத்துக்கொள்கிறான்.

புதிய ஆட்சியில் சொத்தெல்லாம் பொது. இளைஞன் விரும்பியவளிடம் போகுமுன் கிழவிகளைத் திருப்திப்படுத்த வேண்டும் என்றும் ஒரு சட்டம். பிடிபட்ட பையன் கதறுகிறான்: நண்பனோ உறவினனோ வந்து என்னை மீட்டால்? கிழவி சொல்கிறாள்: இனி எந்த ஆணுக்கும் ஒரு மெடிம்னோஸுக்கு மேல் அதிகாரம் கிடையாது. பெண்களைக் கட்டிவைத்த அளவை அப்படியே ஆண்களின் கழுத்துக்கு மாறிவிட்டது! பொருளாதாரச் சட்டம் ஒன்றின் உட்பிரிவை வைத்து அரங்கத்தைச் சிரிக்கவைக்க முடியும் என்றால், அந்தச் சட்டம் அந்த ஊரில் எவ்வளவு பரிச்சயமாக இருந்திருக்க வேண்டும். சரி, நிலத்தை உழுவது யார்? அடிமைகள், என்கிறாள் பிராக்சகோரா, ஒரு நொடியும் யோசிக்காமல். நான் முன்பு சொன்ன கோடு இங்கேயும் இருக்கிறது.

பின்வந்த நகைநாடக ஆசிரியர் மெனாண்டரின் காலத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில், இந்த முரட்டுச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆனால் பிடிவாதம் போகவில்லை. அவருடைய நாடகம் ஒன்றில், பொறாமையில் தன் கூந்தலை வெட்டிய படைவீரனை விட்டு கிளிகெரா என்ற பெண் வெளியேறுகிறாள். அவன் அவளைத் திருப்பிக் கொண்டுவரப் படை திரட்டும்போது, அவள் உன் முறைப்படியான மனைவி அல்ல, தனக்குத் தானே எசமானி. உன்னால் கெஞ்சத்தான் முடியும் என்று நண்பர் எடுத்துச் சொல்கிறார்.

கி.மு. 411-இன் மற்ற நாடகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தெஸ்மோஃபோரியா என்பது ஆண்கள் நுழையக் கூடாத பெண்கள் திருவிழா. அங்கே கூடிய பெண்கள், தங்களைப் பற்றி நாடகங்களில் கேவலமாக எழுதும் யூரிப்பிடீஸுக்குத் தண்டனை தரத் தீர்மானம் போடுகிறார்கள். கோஷ்டி ஆண்களைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் அருமையானவை. நாங்கள் சனியன் என்றால் எங்களை ஏன் கட்டிக்கொள்கிறீர்கள்? சனியன் வெளியே போய்விட்டால் நிம்மதியாக இருக்காமல் ஏன் பதறித் தேடுகிறீர்கள்? பெண் எவளாவது அரசுப் பணம் ஐம்பது தாலந்தைத் திருடி வண்டி பூட்டிக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறாளா? அவள் மிஞ்சிப்போனால் கணவனிடம் ஒரு கூடை கோதுமை திருடுவாள். அதையும் அன்றே திருப்பி வைத்துவிடுவாள்.

அந்தக் கூட்டத்தில் இரண்டாவதாகப் பேச எழுந்திருப்பவள் பூமாலை கட்டி விற்பவள். கணவன் சைப்ரஸில் இறந்துவிட்டான். ஐந்து சிறு பிள்ளைகள். மாலை கட்டி அரைவயிறும் கால்வயிறுமாக அவர்களை வளர்த்து வந்தாள். இந்த யூரிப்பிடீஸ் தன் சோக நாடகங்களால் கடவுளே இல்லை என்று ஆண்களை நம்பவைத்துவிட்டானாம். வியாபாரம் இப்போது பாதிகூட இல்லையாம். ஒரு தத்துவ விவாதத்தின் விளைவை இதைவிடத் துல்லியமாக அளந்தவர் உண்டா? கீரைக்கு நடுவே வளர்ந்தவன்தானே அவன் என்று, தானும் ஒரு சந்தைக்காரி என்பதை மறந்து, ஒரு குத்தும் விடுகிறாள். அவனைத் தண்டியுங்கள் என்று சொல்லி முடிக்கிறாள்.

தீர்மானம் நிறைவேறும்வரை அவள் காத்திருக்கவில்லை. சந்தைக்குப் போக வேண்டும். ஆண்கள் சிலர் இருபது மாலைக்கு முன்பதிவு கொடுத்திருக்கிறார்கள், கட்டியாக வேண்டும் என்று கிளம்பிவிடுகிறாள்.